வேலிக்குள் வேட்டைப் பயிற்சி: தடை ஏன் தேவை?

1994ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஒன்றோடொன்று தொடர்புடைய இரண்டு நாய்ப்பட்டிகளைச் சேர்ந்த ஐந்து நாய்களுக்கு ரேபிஸ் வந்தது. ஃபுளோரிடாவுக்கு ரேபிஸ் புதிதல்ல. அங்குள்ள ரக்கூன் என்ற சிறிய காட்டு விலங்குகளிடம் அந்த நோய் பல பத்தாண்டுகளாக இருந்து வருகிறது. ஏதோ ஒரு ரக்கூன் கடித்திருக்கும் என்று எண்ணுவதே இயல்பு. ஆனால் ஆய்வகம் வேறு விடை தந்தது. நாய்களின் மூளையில் இருந்தது ரக்கூன்களிடம் காணப்படும் வைரஸ் அல்ல. டெக்சஸ் மாநிலத்தின் தென்கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டி வாழும் கயோட்டிகளிடம் 1988 முதல் பரவி வந்த வைரஸ். கயோட்டி என்பது நரியைவிடப் பெரிய, ஓநாயைவிடச் சிறிய, நாய் இனத்தைச் சேர்ந்த வட அமெரிக்கக் காட்டு விலங்கு. அது வாழ்ந்த தென் டெக்சஸுக்கும் ஃபுளோரிடாவுக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். ரேபிஸ் அறிகுறி தோன்றிய விலங்கு சில நாட்களில் இறந்துவிடும். அவ்வளவு தூரம் நடந்து வர அதனால் முடியாது. நோய் விலங்குக்கு விலங்கு பரவிப் படிப்படியாகக் கிழக்கே நகர்ந்து வந்ததற்கான தொடர்ச்சியான தடமும் இல்லை. அப்படியானால் அந்த வைரஸ் ஃபுளோரிடாவுக்கு எப்படி வந்தது?

விசாரணை சுட்டிய வழி, மனிதர்கள் ஓட்டிய வண்டி. தென் டெக்சஸில் பிடிக்கப்பட்ட கயோட்டிகள், வேட்டை நாய்களுக்குப் பயிற்சி தருவதற்காகத் தொலைவிலிருந்த மாநிலங்களுக்கு விற்கப்பட்டு வந்தன. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் இந்தப் பயிற்சி வேலியிட்ட பெரிய நிலங்களில் நடக்கும். காட்டில் பொறி வைத்துப் பிடித்த நரியையோ கயோட்டியையோ அந்த வேலிக்குள் விடுவார்கள். பிறகு நாய்களை அவிழ்த்துவிட்டு, மோப்பம் பிடித்துத் துரத்தப் பழக்குவார்கள். எந்த நாய் எவ்வளவு நேரம் துரத்துகிறது என்று புள்ளி போட்டுப் பரிசு தரும் போட்டிகளும் உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் உரிமம் பெற்ற இத்தகைய பயிற்சி நிலங்கள் இருக்கின்றன; அங்கே கயோட்டி, நரி, முயல் ஆகியவை துரத்தப்படுகின்றன. இந்த வழக்கத்தைத் தடைசெய்ய வேண்டுமா, கட்டுப்பாடுகளோடு நடத்தவிட்டால் போதுமா என்பது வட அமெரிக்காவில் நீண்ட காலமாக நடக்கும் விவாதம். தடைதான் சரி என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். விலங்குகள் மீதான இரக்கம் அதற்கு ஒரு காரணம். ஆனால் அறிவியல் அதைத் தாண்டியும் ஒன்றைச் சொல்கிறது: இங்கே விளையும் கேடு ஒருசிலருடைய மோசமான நிர்வாகத்தால் வருவதல்ல, அந்த ஏற்பாட்டின் அமைப்பிலிருந்தே வருவது.

முதலில், வைரஸின் சொந்த ஊரை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்ப்போம். நம் ஊரில் ரேபிஸ் என்றதும் நாய்க்கடிதான் நினைவுக்கு வரும். வட அமெரிக்காவிலோ ரக்கூன், ஸ்கங்க், நரி, வௌவால் என ஒவ்வொரு வகை விலங்கிலும் தனித்தனியாக ஒரு வைரஸ் வகை நிலைபெற்றிருக்கிறது. அந்த இனத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பரவுவதால் ஒவ்வொன்றும் தனக்கென்று சிறு மாற்றங்களைச் சேர்த்துக்கொள்கிறது. பேசுவது ஒரே தமிழ்தான் என்றாலும், ஒருவர் வாயைத் திறந்ததுமே அவர் நெல்லைக்காரரா கோவைக்காரரா என்று நமக்குத் தெரிந்துவிடுகிறதல்லவா? வைரஸின் வட்டார வழக்கையும் அதேபோல் இனங்காணலாம். அதற்கு இரண்டு கருவிகள் உள்ளன. ஒன்று, ஒற்றைநகல் எதிர்ப்பொருள்கள். வைரஸ் புரதத்தின் மிகக் குறிப்பிட்ட ஒரு பகுதியை மட்டும் பற்றிக்கொள்ளும்படி ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட மூலக்கூறுகள் அவை. ஒரு தொகுதி எதிர்ப்பொருள்களில் எவை பற்றுகின்றன, எவை பற்றவில்லை என்ற கோலத்தைப் பார்த்தாலே வகை தெரிந்துவிடும். மற்றொன்று, வைரஸின் மரபணு எழுத்துகளை வரிசையாகப் படித்து ஒப்பிடுவது. ஃபுளோரிடா நாய்களில் இருந்தது தென் டெக்சஸ் வகை என்பது இப்படித்தான் உறுதியானது.

இதற்கும் முன்பு இதைவிடப் பெரிய பாடம் ஒன்று கிடைத்திருந்தது. 1970களில், வேட்டைக்கு ரக்கூன்கள் போதவில்லை என்று வேட்டைக் குழுக்கள் ஃபுளோரிடா போன்ற தென்கிழக்கு மாநிலங்களில் பிடித்த ரக்கூன்களை ஆயிரக்கணக்கில் வர்ஜீனியா பக்கம் கொண்டுவந்து விட்டன. 1977இல் மேற்கு வர்ஜீனியாவில், அதற்குமுன் ரக்கூன் ரேபிஸ் இல்லாத பகுதியில், முதல் நோயுற்ற ரக்கூன் கண்டறியப்பட்டது. எதிர்ப்பொருள் சோதனையில் அது தென்கிழக்கின் வைரஸ் என்று தெரிந்தது. அங்கிருந்து நோய் ஆண்டுதோறும் சில பத்து கிலோமீட்டர் நகர்ந்து, கிழக்குக் கடற்கரை முழுவதும் பரவியது. 1993இல் அமெரிக்கா முழுவதும் பதிவான விலங்கு ரேபிஸ் எண்ணிக்கை 9,000ஐத் தாண்டியதற்கு இந்தப் பரவலே முக்கியக் காரணம். 1999இல் அது எல்லை தாண்டி ஒன்டாரியோவுக்குள் நுழைந்தது. அங்கே தடுப்பூசியாலும் தடுப்பு மருந்து வைத்த இரையாலும் அடக்கப்பட்டாலும், 2015இல் மீண்டும் தலைதூக்கியது. ரக்கூன்கள் வேலிக்குள் அடைக்கப்பட்டவை அல்ல, வெளியே விடப்பட்டவை என்பது உண்மை. ஆனால் இரண்டு நிகழ்வுகளிலும் அடிப்படைச் செயல் ஒன்றே: பொழுதுபோக்கு வேட்டைக்காகக் காட்டு விலங்கைப் பிடித்து, அது தன் காலால் ஒருபோதும் கடந்திராத தூரத்துக்குக் கொண்டுபோவது.

இந்த இடத்தில் நியாயமான ஒரு மறுப்பு எழும். விலங்குகளைப் பரிசோதித்து, நோயில்லாதவற்றை மட்டும் அனுமதித்தால் என்ன? ரேபிஸின் உயிரியல்தான் இதற்குத் தடை. கடிபட்ட இடத்திலிருந்து வைரஸ் இரத்தத்தின் வழியாகப் பாய்வதில்லை; நரம்பு இழைகளுக்குள் ஒளிந்து, மெதுவாக மூளையை நோக்கி ஏறுகிறது. இந்த மறைவுக்காலம் சில வாரங்களாக இருக்கலாம், பல மாதங்களாகவும் இருக்கலாம். அதுவரை விலங்கு ஓடும், உண்ணும், முழு நலத்தோடு தோன்றும். அந்தக் கட்டத்தில் அதன் இரத்தத்தையோ உமிழ்நீரையோ சோதித்து நோயில்லை என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. விலங்குகளில் ரேபிஸை உறுதிசெய்யும் நம்பகமான சோதனை மூளைத் திசுவில் செய்யப்படுவது; அதாவது இறந்த பிறகு செய்யப்படுவது. உயிரோடு துரத்தப்பட வேண்டிய விலங்குக்கு அந்தச் சோதனையால் பயனில்லை. பல மாதம் தனிமைப்படுத்தி வைக்கலாமே என்றால், காட்டிலிருந்து பிடித்த விலங்கை அவ்வளவு காலம் கூண்டில் வைத்துப் பராமரிப்பது இந்த வணிகத்தில் நடக்கும் காரியம் அல்ல. நாய்களுக்குத் தடுப்பூசி போடுவது அவசியம்தான். ஆனால் அது அந்த நாயைக் காக்குமே தவிர, வேலியைத் தாண்டி ஏறும் ரக்கூனையோ அக்கம்பக்கத்துக் காட்டு விலங்கையோ காக்காது.

ரேபிஸாவது அறிகுறிகளோடு வெளிப்படும் நோய். சத்தமில்லாமல் பரவும் மற்றொன்றும் இருக்கிறது. எக்கினோகாக்கஸ் மல்டிலோகுலாரிஸ் என்பது சில மில்லிமீட்டர் நீளமே உள்ள நாடாப்புழு. அது நரி, கயோட்டி, நாய் ஆகியவற்றின் குடலில் வாழும். அவற்றைப் பெரிதாகத் துன்புறுத்தாது. அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறும். எலி இனங்கள் அவற்றை விழுங்கினால் புழுவின் இளநிலை கல்லீரலில் வளரும். அந்த எலியைத் தின்னும் நாயின் குடலில் சுழற்சி முழுமை பெறும். தவறிப்போய் முட்டையை விழுங்கும் மனிதரின் கல்லீரலில் அது புற்றுக்கட்டி போலவே திசுக்களை ஊடுருவி வளரும். பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் இருந்து, முற்றிய பிறகே தலைகாட்டும். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர்கள், வேலியிட்ட வேட்டை நிலங்களுக்காகத் தென்கிழக்குக்குக் கொண்டுவரப்பட்ட நரிகளில் இந்தப் புழுவைக் கண்டார்கள்; அதுவரை அது அங்கே அறியப்படாத ஒன்று. ஒன்டாரியோவின் தென்பகுதியில் காட்டு நாயினங்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, சோதிக்கப்பட்ட கயோட்டிகளிலும் நரிகளிலும் நூற்றுக்கு 23 விலங்குகளில் இந்தப் புழு இருப்பதைக் காட்டியது. இப்போது அந்த விலங்குகளை வேலிக்குள் விட்டால் நடப்பதை எண்ணிப் பாருங்கள். மண்ணில் முட்டைகள் சேரும். வேலி எலிகளைத் தடுக்காது. பல ஊர்களிலிருந்து வரும் நாய்கள் அந்த மண்ணில் புரண்டு, எலிகளைப் பிடித்துத் தின்று, மாலையில் குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்குத் திரும்பும்.

அமைப்பிலேயே கேடு இருக்கிறது என்று சொன்னதன் பொருள் இதுதான். இயற்கையில் ஒரு விலங்குக்கு எல்லை உண்டு; அதன் நோய்க்கும் அந்த எல்லை ஓரளவு பொருந்தும். பயிற்சி நிலமோ வெவ்வேறு இடங்களில் பிடித்த விலங்குகளை ஓரிடத்தில் கலக்கிறது, அவற்றைத் துரத்திக் களைப்படைய வைக்கிறது, பல வீட்டு நாய்களை அவற்றோடு சேர்க்கிறது, பிறகு அந்த நாய்களைத் திசைக்கொன்றாக அனுப்புகிறது. நோயைப் பரப்ப வேண்டும் என்று திட்டமிட்டு ஓர் ஏற்பாடு செய்தாலும் இதைவிடப் பொருத்தமாக அமையாது. வேலியை உயர்த்துவதும் மேற்பார்வையாளரை அமர்த்துவதும் இந்த நான்கு செயல்களில் எதையும் மாற்றுவதில்லை.

இனி, துரத்தப்படும் விலங்கின் உடலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். விலங்கின் துன்பத்தை எப்படி அளக்க முடியும் என்று சிலர் கேட்பதுண்டு. உணர்வை நேரடியாக அளக்க முடியாதுதான்; உடல் விட்டுச்செல்லும் தடயங்களை அளக்கலாம். அமெரிக்காவில் டெர்ரி க்ரீகரும் அவர் குழுவினரும், செந்நரிகளின் உடலுக்குள் இதயத் துடிப்பையும் வெப்பநிலையையும் அனுப்பும் சிறு கருவிகளைப் பொருத்தி, காலைக் கவ்வும் பொறியில் அவை சிக்கும்போது என்ன நடக்கிறது என்று பதிவுசெய்தார்கள். 1990இல் வெளியான அந்த ஆய்வில், சிக்கிய நரிகளின் இதயத் துடிப்பும் உடல் வெப்பமும் ஏறியிருந்தன. இரத்தத்தில் கார்ட்டிசால் என்ற நெருக்கடி ஹார்மோனும், தசை சிதையும்போது கசியும் நொதிகளும் கூடியிருந்தன. பொறியில் சிக்காத நரிகளோடு ஒப்பிட்டே இந்த முடிவுக்கு வந்தார்கள். பயிற்சி நிலத்துக்கு வரும் காட்டு நரிக்கும் கயோட்டிக்கும் பிடிபடுவதுதான் முதல் கட்டம். வண்டிப் பயணமும் துரத்தலும் அதற்குப் பிறகு.

துரத்தலின் விளைவை அளந்த மிகப் புகழ்பெற்ற ஆய்வு இங்கிலாந்தில் நடந்தது. நேஷனல் ட்ரஸ்ட் என்ற அமைப்பு தன் நிலங்களில் நாய்களைக் கொண்டு நடத்தப்பட்ட செம்மான் வேட்டையைப் பற்றி ஆராயும்படி கேம்பிரிட்ஜ் விலங்கு நடத்தையியல் அறிஞர் பேட்ரிக் பேட்சனைக் கேட்டுக்கொண்டது. அவரும் எலிசபெத் பிராட்ஷாவும், நீண்ட துரத்தலுக்குப் பின் கொல்லப்பட்ட மான்களின் இரத்தத்தையும் தசையையும், துரத்தப்படாமல் ஒரே குண்டில் வீழ்த்தப்பட்ட மான்களோடு ஒப்பிட்டார்கள். துரத்தப்பட்டவை சராசரியாக மூன்று மணி நேரம், சுமார் 19 கிலோமீட்டர் ஓடியிருந்தன. தசைகளில் சேமிப்பு எரிபொருளான கிளைகோஜன் ஏறக்குறைய தீர்ந்துபோயிருந்தது, சிவப்பணுக்கள் உடைந்திருந்தன, கார்ட்டிசால் மிக உயர்ந்திருந்தது. 1997இல் அறிக்கை வந்ததும் நேஷனல் ட்ரஸ்ட் தன் நிலங்களில் நாய்களோடு மான் வேட்டையாடுவதை நிறுத்தியது. பின்னர் வேட்டை ஆதரவாளர்களின் நிதியில் நடந்த மற்றோர் ஆய்வு, சில விளக்கங்களை மறுத்தாலும், அளவீடுகளில் பெரும்பாலும் ஒத்துப்போனது. உச்சக்கட்ட ஓட்டம் தசைகளை உண்மையிலேயே சிதைக்க வல்லது. அப்படிச் சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் புரதம் சிறுநீரகத்தை அடைப்பதால், தப்பித்ததுபோல் தோன்றும் விலங்கு ஓரிரு நாட்களுக்குப் பிறகு இறப்பதும் உண்டு. காட்டு விலங்கு மருத்துவர்கள் இதைப் பிடிபடல் தசைநோய் என்பார்கள்.

மான் வேறு, கயோட்டி வேறு. கயோட்டி ஓடப் பிறந்த விலங்கு. காட்டிலும் அது துரத்தப்படத்தான் செய்கிறது என்பார்கள். இது எளிதில் ஒதுக்கக்கூடிய மறுப்பு அல்ல. ஆனால் காட்டில் துரத்தப்படும் கயோட்டிக்குத் தன் நிலத்தின் ஒவ்வொரு புதரும் ஓடையும் தெரியும். நீரைக் கடந்து மோப்பத்தை அறுக்கும், பொந்தில் புகும், தேவைப்பட்டால் நாய்கள் களைக்கும்வரை நிலத்தை விட்டே போய்விடும். அதன் செயலுக்கும் விளைவுக்கும் தொடர்பு இருக்கிறது. வேலிக்குள் அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. எந்தத் திசையில் ஓடினாலும் வேலி. இன்று தப்பினாலும் நாளை வேறு நாய்கள். இந்த வேறுபாடு உடலளவில் எவ்வளவு பெரியது என்பதை ஜே வைஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் எலிகளை வைத்துக் காட்டியிருக்கிறார். இரண்டு எலிகளுக்கு ஒரே அளவு, ஒரே நேரம் மின்னதிர்ச்சி. ஒன்றால் ஒரு சக்கரத்தைத் திருப்பி அதிர்ச்சியை நிறுத்த முடியும். அது நிறுத்தினால் இரண்டுக்கும் நின்றுவிடும். மற்றதால் எதுவும் செய்ய முடியாது. பட்ட அதிர்ச்சி சமமாக இருந்தும், கையறு நிலையில் இருந்த எலிக்கே வயிற்றுப்புண் மிக அதிகமாக வந்தது. துன்பத்தின் அளவைப் போலவே, அதைத் தன் முயற்சியால் முடிக்க முடியுமா என்பதும் உடலைப் பாதிக்கிறது. காட்டில் துரத்தப்படுவதும் வேலிக்குள் துரத்தப்படுவதும் ஒன்றல்ல என்பதற்கு இது வலுவான சான்று.

அடுத்த மறுப்பு நாயைப் பற்றியது. பயிற்சியில்லாத நாய் சாலையில் அடிபடும், அடுத்தவர் நிலத்தில் புகும். ஆகவே வேலிக்குள் பழக்குவதே பொறுப்பான செயல் என்கிறார்கள். நாயின் பாதுகாப்பு பற்றிய இந்தக் கவலை நியாயமானது. ஆனால் வேலி தேவை என்பதிலிருந்து, வேலிக்குள் உயிருள்ள இரை தேவை என்ற முடிவு வராது. நார்வே ஆய்வாளர்கள் 1993இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஜெர்மன் ஷெப்பர்டு நாய்கள் மனிதர் நடந்துசென்ற தடத்தைத் தொடரும்போது என்ன செய்கின்றன என்று நுணுக்கமாகப் பார்த்தது. தடத்தைக் கண்டதும் அவை இரண்டு முதல் ஐந்து காலடிகளை மட்டும் முகர்ந்து, சில விநாடிகளில், நடந்தவர் எந்தத் திசையில் போனார் என்று சரியாக முடிவெடுத்தன. பழைய காலடிக்கும் சற்றே புதிய காலடிக்கும் இடையிலுள்ள நுண்ணிய மணவேறுபாடு அவற்றுக்குப் போதுமானதாக இருந்தது. தடம் போட்டவர் கண்ணெதிரே ஓட வேண்டியதில்லை. மோப்ப நாய் கற்பது மணத்தை. மணத்தை உயிரில்லாமலும் தரலாம். மணமூட்டிய துணியை நிலத்தில் இழுத்துச் சென்று வேட்டை நாய்க்கூட்டத்தை ஓடவிடும் வழக்கம் இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. அரிய விலங்குகளின் எச்சத்தை மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்கும் ஆய்வு நாய்களும் எச்ச மாதிரிகளையும் பந்து விளையாட்டுப் பரிசையும் கொண்டே பழக்கப்படுகின்றன. ஓடும் நாயைத் தொலைவிலிருந்தே கண்காணிக்க ஜிபிஎஸ் கழுத்துப்பட்டையும் வந்துவிட்டது. உயிருள்ள இரை நாய்க்குக் கூடுதல் வெறியூட்டும் என்பது உண்மையாக இருக்கலாம். அந்தக் கூடுதலுக்காக மேலே சொன்ன கேடுகள் அனைத்தையும் ஏற்க வேண்டுமா என்பதே கேள்வி.

கடைசி மறுப்பு, இது மரபு என்பது. வேட்டை மரபில் வந்தவர்களே பெரிதும் போற்றும் ஓர் அறம் உண்டு: விலங்குக்குத் தப்பிக்க நியாயமான வாய்ப்புத் தர வேண்டும் என்பது. தியோடர் ரூஸ்வெல்ட் 1887இல் தொடங்கிய பூன் அண்ட் க்ராக்கெட் கிளப் இந்த அறத்தை இன்றும் வலியுறுத்துகிறது. வேலிக்குள் துரத்துவது அந்த அளவுகோலாலும் தோற்கிறது. வேட்டையே கூடாது என்று கருதாதவரும் இந்தப் பயிற்சி முறையை எதிர்க்கலாம் என்பதை இது காட்டுகிறது.

சான்றுகள் இருந்தும் சட்டங்கள் ஒரே திசையில் செல்லவில்லை. ஃபுளோரிடா 2010இல் நரியையும் கயோட்டியையும் வேலிக்குள் துரத்துவதைத் தடைசெய்தது. வர்ஜீனியா 2014இல் புதிய நிலங்களைத் தடுத்தாலும், இருப்பவை மேலும் 40 ஆண்டுகள் தொடரலாம் என்றது. 1997இல் இயற்றிய சட்டத்தால் புதிய உரிமங்களை நிறுத்தி, இந்த வழக்கம் தானாகத் தேயட்டும் என்று விட்ட ஒன்டாரியோ, 2023இல் சட்டத்தைத் திருத்திப் புதிய உரிமங்களுக்கு மீண்டும் கதவைத் திறந்தது. ரக்கூன் ரேபிஸை விரட்ட இருமுறை போராடிய மாகாணம் எடுத்த முடிவு இது. ஒருபுறம், தென் டெக்சஸின் கயோட்டி வைரஸை ஒழிக்க 1995 முதல் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான தடுப்பூசி இரைகளை விமானத்திலிருந்து தூவினார்கள். அந்த உழைப்பின் பயனாகவே, கயோட்டிகளைப் போல நாய்களிடையேயும் பரவும் அந்த ரேபிஸ் வகை நாட்டைவிட்டு நீங்கியதாக அமெரிக்கா 2007இல் அறிவித்தது. மறுபுறம், ஒரே ஒரு வண்டியில் வரும் விலங்குகளால் அதைக் குலைத்துவிட முடியும்.

இந்தியாவின் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. பொழுதுபோக்குக்காக ஒரு விலங்கை அடைத்துவைத்து மற்றொரு விலங்குக்கு இரையாக்குவதை அதன் 11ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. அது கருணையின் பெயரால் எழுதப்பட்டது. அதற்குப் பிறகு வந்த நோயியலும் உடலியலும் மோப்ப ஆய்வும் அந்தக் கருணைக்கு வலுவான அறிவியல் துணையாக நிற்கின்றன. பரிசோதித்துக் களைய முடியாத நோய், தப்பிக்க வழியில்லாத உடல், உயிருள்ள இரை இல்லாமலே கற்கக்கூடிய நாய் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், கட்டுப்பாடுகளைக் கூட்டுவது போதாது என்பது விளங்கும். சிறைப்பட்ட காட்டு விலங்குகளை வைத்து வேட்டை நாய்களைப் பழக்குவதை ஒன்டாரியோவும் வர்ஜீனியாவும், இதை இன்னும் அனுமதிக்கும் மற்ற இடங்களும், முழுமையாகவும் தவணையில்லாமலும் தடைசெய்ய வேண்டும்.